பருத்தி நடந்த பாதை – 14: சாகக் கூடாத அந்துப்பூச்சிகள்

மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் மரபணு பருத்திச் செடிக்குள் வந்து சேர்ந்த கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். 1901-இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் கும்பலாகச் சாவதன் காரணத்தை இஷிவாதா தேடியது, 1911-இல் ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில் மாவுப்பூச்சியின் புழுவில் பெர்லினர் அதே வகை நுண்ணுயிரியைக் கண்டது, 1987-இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகர ஆய்வாளர்கள் அதன் நஞ்சைப் புகையிலைச் செடியே சுரக்கும்படி செய்தது, 1996-இல் அதே நஞ்சைத் தானே சுரக்கும் பிடி பருத்தி அமெரிக்க வயல்களில் இறங்கியது என்று அந்தக் கதை ஓடியது. இந்தப் பகுதியின் கேள்வி வேறு. அரிசோனாவில் அந்தப் பருத்தியை எதிர்கொண்ட இளஞ்சிவப்புக் காய்ப்புழு இருபது ஆண்டுகளில் பூண்டோடு போனது. குஜராத்தில் அதே நஞ்சை எதிர்கொண்ட அதே புழு, விதை சட்டப்படி விற்பனைக்கு வந்த ஆறே ஆண்டுகளில் அதைத் தின்று செரிக்கக் கற்றுவிட்டது. ஏன் இப்படி என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். தொழில்நுட்பமே மோசடி என்பது ஒன்று. உழவர்கள் விதிமுறைப்படி நடக்கவில்லை என்பது இன்னொன்று. முதல் பதிலால் அரிசோனாவை விளக்க முடியாது. இரண்டாவது பதில், யாராலும் பின்பற்ற முடியாத ஒரு விதியை எழுதியவர்களைச் சத்தமில்லாமல் தப்பவிட்டுவிடுகிறது. என் வாதம் இதுதான்: இந்தப் புழுவை எப்போதும் அடக்கிவைத்தது ஊரே சேர்ந்து காத்த ஒழுங்கு. மரபணு விதை அந்த ஒழுங்கின் மேல் நிற்கக்கூடிய கருவி. அதற்கு மாற்றாக விற்கப்பட்ட இடத்தில் அது தோற்றது.

இந்தப் புழுவுக்கு அறிவியல் பெயர் கிடைத்ததே இந்தியப் பருத்தியிலிருந்துதான். குஜராத்தின் பரூச்சிலிருந்து போன மாதிரிகளை வைத்து 1843-இல் சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் அதை விவரித்தார். அதன் வாழ்க்கைமுறையைத் தெரிந்துகொண்டால் பின்னால் வருவதெல்லாம் எளிதில் புரியும். முட்டையிலிருந்து வெளிவந்த சிறு புழு சில மணி நேரத்துக்குள் சப்பையையோ இளங்காயையோ துளைத்து உள்ளே போய்விடும். போன வழி தானாக அடைபட்டுவிடும். அதன்பின் மேலே எதைத் தெளித்தாலும் அதற்குப் படாது. உள்ளே கொட்டையைத் தின்று வளரும். பருவ முடிவில், கடைசிக் காய்களில் இரண்டு கொட்டைகளை ஒட்டவைத்துக்கொண்டு நடுவே சுருண்டு, மாதக்கணக்கில் உறங்கி, அடுத்த பருவத்துப் பருத்திக்காகக் காத்திருக்கும். இப்படி விதைக்குள் ஒளிந்துதான் அது உலகம் சுற்றியது. எகிப்துக்கு இந்தியப் பருத்தியோடு போனது, 1911-இல் மெக்சிகோவுக்கு எகிப்திய விதையோடு போனது, 1917-இல் டெக்சாஸின் ஹெர்ன் என்ற ஊருக்கு மெக்சிகோ விதையோடு போனது. போன இடமெல்லாம் அரசுகள் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தன: பருத்தியே இல்லாத ஓர் இடைவெளி ஆண்டில் இருக்க வேண்டும். எகிப்து பருத்திமாரை அழிக்கவும் விதையைச் சூடுகாட்டவும் கட்டாயப்படுத்தியது. டெக்சாஸ் சில வட்டாரங்களில் பருத்தி பயிரிடுவதையே தடுத்தது. நம் சென்னை மாகாணமும் 1919-இல் வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. கோயம்புத்தூர் வட்டாரத்தில் பரவியிருந்த கம்போடியா பருத்தியை அறுவடைக்குப் பின்னும் மறுதாம்பாக விட்டுவைக்கும் பழக்கம் தண்டு வண்டுக்கும் காய்ப்புழுவுக்கும் ஆண்டு முழுதும் சோறு போட்டது. குறித்த நாளுக்குள் பழைய செடியைப் பிடுங்கிவிட வேண்டும் என்ற கட்டாயம் இந்தச் சட்டத்தின் வழியாகத்தான் வந்தது. காலனி அரசின் சட்டம் என்பதால் அதைப் பாராட்டத் தயங்க வேண்டியதில்லை. புழுவின் இயல்பை அது சரியாகவே புரிந்துகொண்டிருந்தது. ஒருவர் மட்டும் பிடுங்கி, பக்கத்துக் காட்டுக்காரர் விட்டுவைத்தால் பிடுங்கியவருக்குப் பயனில்லை. ஆகவே எல்லாரும் ஒரே நேரத்தில் பிடுங்க வேண்டும்.

இனி மரபணு விதைக்கு வருவோம். கிரை 1ஏசி என்ற புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள நடுக்குடலில் கரைந்து, அங்குள்ள நொதிகளால் கூர்தீட்டப்பட்டு, குடல் சுவரில் உள்ள சில புரதங்களைப் பற்றிக்கொண்டு ஓட்டை போடுகிறது. புழு தின்பதை நிறுத்திச் சாகிறது. அந்தப் பற்றுக்கொம்புப் புரதங்களில் ஒன்று பிறவியிலேயே மாறியிருந்தால் நஞ்சு பிடிமானம் இல்லாமல் வழுக்கிப்போகும். அப்படிப்பட்ட புழுக்கள் மரபணு விதை வருவதற்கு முன்பே மிகச் சிறு எண்ணிக்கையில் இருந்தன. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவில் இந்தத் தாங்குதிறன் பெரும்பாலும் ஒடுங்கு பண்பு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் மாறிய பிரதி வந்தால்தான் புழு பிழைக்கும். ஒன்று மட்டும் வந்தால் பிடி காயில் செத்துவிடும். இதிலிருந்து, கேட்பதற்கு விசித்திரமான ஒரு முடிவு கிடைத்தது. தப்பிப் பிழைக்கும் அபூர்வ அந்துப்பூச்சிக்கு அதைப் போன்ற இன்னொன்று துணையாகக் கிடைக்கக் கூடாது. நஞ்சே அறியாத சாதாரண அந்துப்பூச்சிதான் கிடைக்க வேண்டும். அப்படிப் பிறக்கும் குஞ்சுகள் பிடி செடியில் சாகும். அதற்காகப் பிடி அல்லாத பருத்தியைப் பக்கத்தில் விதைத்து, அதில் புழுக்களை வளரவிட வேண்டும். அடைக்கலப் பயிர் எனப்பட்டது இதுதான். தன் செலவில் ஒரு பகுதி பயிரைப் புழுவுக்குத் தின்னக் கொடுப்பது, நூற்றாண்டுகளாகப் புழுவை ஒழிக்கப் பாடுபட்ட உழவருக்குச் சொல்லிப் புரியவைக்கக் கடினமான யோசனைதான். ஆனால் அதன் கணக்கு சரி.

அந்தக் கணக்கை அரிசோனா சோதித்துக் காட்டியது. 1990-இல் மட்டும் அங்குள்ள பருத்தி விவசாயிகளுக்கு இந்தப் புழுவால் ஏறக்குறைய 4.8 கோடி டாலர் இழப்பு. 1996-இல் பிடி பருத்தி வந்தபோது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அடைக்கலப் பயிரைக் கட்டாயமாக்கியது. பூச்சிமருந்து தெளிக்காமல் விட்டால் சிறு பங்கு, தெளித்தால் ஐந்தில் ஒரு பங்கு என்பது விதி. 1997-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் புரூஸ் தபாஷ்னிக், ஈவ் கரியேர் போன்றோர் வயல் புழுக்களைச் சோதித்தபோது, தாங்குதிறன் மரபணு அவர்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகவே இருந்தது. சில ஆண்டுகளில் இந்த விதையின் கதை முடிந்துவிடும் என்றே கணிக்க வேண்டியிருந்தது. முடியவில்லை. அடுத்த பல ஆண்டுகளிலும் அது பெருகவில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் விவசாயிகள் அடைக்கலப் பயிரை ஒழுங்காக விதைத்தார்கள். தாங்குதிறன் பெற்ற புழுக்கள் சாதாரணப் பருத்தியில் சற்று நோஞ்சானாகவே வளர்ந்தன என்பதும் உதவியது. 2006-இல் அங்கே உத்தி தலைகீழானது. அடைக்கலப் பயிரையே விலக்கிவிட்டு, எல்லா நிலத்திலும் பிடி பருத்தி போட அனுமதித்தார்கள். சாதாரண அந்துப்பூச்சிகளுக்குப் பதிலாக, கதிர்வீச்சால் மலடாக்கப்பட்ட அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து தூவினார்கள். பிழைத்த அபூர்வப் பூச்சி மலட்டுப் பூச்சியோடு கூடினால் சந்ததியே இல்லை. வளர்ப்புக் கூடத்தில் புழுக்களின் உணவில் சிவப்புச் சாயம் கலந்திருந்ததால், பொறியில் விழுந்தது காட்டுப் பூச்சியா, கூடத்துப் பூச்சியா என்று நசுக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். 2014 வரை இப்படித் தூவியவை சுமார் 1,100 கோடி. 2018 அக்டோபரில் அமெரிக்க வேளாண் துறை, தன் பெருநிலப்பரப்பின் பருத்தி வட்டாரங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்துவிட்டதாக அறிவித்தது.

இந்தியாவில் 2002 மார்ச் 26 அன்று மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு மெக் என்ற பெயருடைய மூன்று பிடி பருத்திக் கலப்பினங்களுக்கு அனுமதி தந்தது. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களுக்கு அந்த அனுமதி. அதற்கு முந்தைய ஆண்டே குஜராத்தில் நவ்பாரத் 151 என்ற பெயரில் அனுமதியில்லாத பிடி விதை வயல்களில் நின்றது வெளிப்பட்டிருந்தது. விதை ஆட்சியைவிட வேகமாக ஓடியதற்கு அது முதல் சான்று. அனுமதியோடு வந்த நிபந்தனை, ஐந்து வரிசையோ மொத்தப் பரப்பில் 20 சதவீதமோ, எது அதிகமோ அந்த அளவு பிடி அல்லாத பருத்தியைச் சுற்றிலும் விதைக்க வேண்டும் என்பது. இதற்காக 450 கிராம் பிடி விதையோடு 120 கிராம் சாதாரண விதையைத் தனிப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். தாளில் குறையில்லாத ஏற்பாடு. ஆனால் யாருக்கு? இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமுள்ளவர், ஒரு பை விதைக்கு 1,600 ரூபாய் கொடுத்துவிட்டு, தன் காட்டில் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விட வேண்டும். அதன் பயன் அவருக்கு வராது. பத்தாண்டு கழித்து ஊருக்கெல்லாம் வரும். பக்கத்துக்காரர் விதைக்காவிட்டால் அதுவும் வராது. சின்னப் பையிலிருந்த விதை பல நேரங்களில் பெரிய பையின் இனமாகவோ அதே பருவமாகவோ இருக்கவில்லை. பெரும்பாலோர் அதைத் தூக்கிப் போட்டார்கள். இதை ஒழுக்கக்கேடு என்று சொல்ல எனக்கு மனமில்லை. நட்டத்தை ஒருவர் தலையிலும் இலாபத்தை எல்லார் தலையிலும் கட்டிய ஒரு விதியை, மேற்பார்வையும் இழப்பீடும் இல்லாமல், பல லட்சம் பேர் தாமாகப் பின்பற்றுவார்கள் என்று எதிர்பார்த்ததுதான் பிழை. 2014 வாக்கில் நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பிடி ஆகியிருந்தது. சாதாரண அந்துப்பூச்சி வளர இடமே இல்லை. 2008-இல் குஜராத்தின் அம்ரேலியில் சேகரித்த புழுக்களில் தாங்குதிறன் உறுதியானது. பாவ்நகர், ஜுனாகட், ராஜ்கோட் மாவட்டங்களையும் சேர்த்து 2010-இல் விதை நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது.

அடைக்கலம் இல்லாததுதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது, நஞ்சின் அளவு போதாமல் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குச் சான்று அதே வயல்களிலேயே இருக்கிறது. பிடி பருத்தி இந்தியாவுக்கு வந்ததே முதன்மையாக இளஞ்சிவப்புப் புழுவுக்காக அல்ல. பச்சைக் காய்ப்புழு எனப்படும் அமெரிக்கன் காய்ப்புழுவுக்காக. 1987-இல் ஆந்திரத்தில் பைரித்ராய்டு மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் பருத்தியைச் சூறையாடியது அதுதான். கிரை 1ஏசிக்கு இயல்பிலேயே இளஞ்சிவப்புப் புழுவைவிட அது சற்று அதிகமாகத் தாக்குப்பிடிக்கும். அப்படியென்றால் முதலில் தப்பித்திருக்க வேண்டியது அதுதான். ஆனால் பிடி வந்தபின் பருத்தியில் அது பழைய பெருந்தொல்லையாகத் திரும்பவில்லை. துவரை, கொண்டைக்கடலை, தக்காளி, சோளம் என்று அது தின்னாத பயிர் குறைவு. நஞ்சில்லாத அந்தப் பயிர்களிலிருந்து சாதாரண அந்துப்பூச்சிகள் ஆண்டு முழுதும் வந்துகொண்டே இருந்தன. யாரும் விதைக்கச் சொல்லாமலே அதற்கு அடைக்கலம் கிடைத்தது. இளஞ்சிவப்புப் புழுவோ பருத்தியைத் தவிர ஏறக்குறைய வேறெதையும் நம்பி வாழ்வதில்லை. ஒரே காட்டில், ஒரே செடியில், ஒரே நஞ்சின் முன் நின்ற இரண்டு புழுக்களில் அடைக்கலம் இருந்தது அடங்கியது, இல்லாதது மீறியது. இதைவிடத் தெளிவான சோதனையை ஆய்வுக்கூடத்தில்கூட அமைக்க முடியாது.

இரண்டாவது மரபணுவைச் சேர்த்துவிட்டால் போதும் என்பது விதைத் தொழிலின் பதிலாக இருந்தது. 2006-இல் அனுமதிபெற்ற போல்கார்டு 2 கிரை 1ஏசியோடு கிரை 2ஏபி என்ற இன்னொரு நஞ்சையும் சுரந்தது. ஒன்றிலிருந்து தப்பும் புழுவை மற்றது கொல்லும் என்ற தர்க்கம் தவறல்ல. இரண்டு நஞ்சுகளும் வேலை செய்யும்வரைதான் அது செல்லும். புதிய விதை நாடெங்கும் பரவிய அதே ஆண்டுகளில் முதல் நஞ்சு குஜராத்தில் செத்துக்கொண்டிருந்தது. எனவே இரண்டு நஞ்சு என்று விலைகொடுத்து வாங்கிய விதை இளஞ்சிவப்புப் புழுவுக்கு எதிரே ஒற்றை நஞ்சாகவே நின்றது. 2015 வாக்கில் அதையும் புழு கடந்துவிட்டது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அரிசோனாவைக் காட்டி இந்தியாவைக் குறைசொல்வது நியாயமா? அங்கே நூற்றுக்கணக்கான ஏக்கர் பண்ணைகள், அரசு விமானங்கள், மலட்டுப் பூச்சி வளர்க்கக் கட்டடங்கள். இங்கே துண்டு நிலங்கள். இதில் பாதி உண்மை. மலட்டுப் பூச்சி இல்லாமல் பிடி பருத்தி மட்டும் அங்கே புழுவை ஒழித்திருக்காது என்று பின்னர் ஆய்ந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒழிப்பது வேறு, தாங்குதிறனைத் தள்ளிப்போடுவது வேறு. 1996 முதல் 2005 வரை தள்ளிப்போட்டது விமானமல்ல, அடைக்கலப் பயிர். துண்டு நிலத்தில் அது நடக்காது என்பதற்குச் சீனா பதில் சொல்கிறது. யாங்சே ஆற்றுப் படுகையில் நம்மைப்போலவே சிறு விவசாயிகள். அடைக்கலப் பயிர் விதி அவர்களுக்கு இல்லை. இளஞ்சிவப்புப் புழுவின் தாங்குதிறன் அங்கும் மெல்ல ஏறத் தொடங்கியது. பிறகு, புழுவை நினைத்தல்ல, விலை மலிவு என்பதற்காக, கலப்பினத்தின் இரண்டாம் தலைமுறை விதை அங்கே சந்தையைப் பிடித்தது. அந்த விதையில் நான்கில் ஒன்று பிடி மரபணு இல்லாத செடியாக முளைக்கும். ஒவ்வொரு வயலுக்குள்ளும் தானாகவே 25 சதவீத அடைக்கலம் உருவாயிற்று. 2010-க்குப் பின் தாங்குதிறன் சரிந்தது; 2017-இல் வெளியான ஆய்வு இதைப் பதினோரு ஆண்டுத் தரவுகளோடு காட்டியது. நிலத்தின் அளவு தடையாக இருக்கவில்லை. அடைக்கலம் விவசாயியின் தனித் தியாகமாக இல்லாமல் விதைப்பைக்குள்ளேயே வந்ததுதான் வேறுபாடு.

இந்தியப் பருத்தி கலப்பினமாக இருப்பதே மூலக் குற்றவாளி என்றும் சொல்வதுண்டு. நாக்பூர் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கேசவ் கிராந்தி இதை அழுத்திச் சொன்னவர். கலப்பினச் செடியில் ஒரு பெற்றோரிடமிருந்து மட்டுமே பிடி மரபணு வருகிறது. அதனால் அந்தச் செடியின் காய்க்குள் உருவாகும் கொட்டைகளில் சிலவற்றில் இரண்டு நஞ்சும், சிலவற்றில் ஒன்றும், சிலவற்றில் எதுவுமே இல்லாமலும் போகின்றன. கொட்டையைத் தின்னும் புழுவுக்கு ஒரே காய்க்குள் படிப்படியாகப் பழகிக்கொள்ள இடம் கிடைக்கிறது. வாதம் கூர்மையானது. ஆனால் சீனத்து யாங்சே படுகையிலும் கலப்பினமே விளைந்தது, கலவைக் கொட்டைக் காய்களே இருந்தன, ஆனாலும் அங்கே தாங்குதிறன் பின்வாங்கியது. ஆகவே இதை மட்டும் குற்றவாளியாக்க நான் தயங்குகிறேன். கலப்பினத்தின் இன்னொரு விளைவே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இந்தியக் கலப்பினங்கள் பல நீண்ட வயதுடையவை. நீர் கிடைத்தால் பிப்ரவரி, மார்ச் வரை காய்த்துக்கொண்டிருக்கும். கடைசிப் பறிப்புப் பணத்துக்காக விவசாயி செடியை விட்டுவைக்கிறார். வயது ஏற ஏறச் செடியில் நஞ்சு மங்குகிறது. புழுவுக்கு மட்டும் உணவு நிற்பதில்லை. அதன்பின் பருத்திமார் வரப்போரத்தில் அடுக்கப்படுகிறது. ஜின்னிங் ஆலை முற்றத்தில் கிடக்கும் கொட்டைக்குள் புழு உறங்குகிறது. கோயம்புத்தூரில் 1919-இல் சட்டம் போட்டு உடைக்க முயன்ற சங்கிலியை, இந்த விதை யாரும் கவனிக்காமல் மறுபடி இணைத்துவிட்டது. பூச்சிக்கு எதிரான கருவி செடிக்குள்ளேயே இருக்கும்போது செடியை எப்போது பிடுங்குவது என்ற கவலை எதற்கு என்று எல்லாரும் நினைத்தார்கள்; வேளாண் துறைகளும் நினைத்தன.

இழப்பின் உச்சம் 2017. மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் காய்களைப் பிளந்தால் புழு. திகைத்தவர்கள் கையில் கிடைத்த மருந்துகளைக் கலந்து, ஆளுயரம் தாண்டிய செடிகளுக்கு நடுவே, பாதுகாப்பு உடையில்லாமல் தெளித்தார்கள். நஞ்சேறி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். புழு காய்க்குள் இருந்தது. தெளித்தது அதன்மேல் படவேயில்லை. பிடி பருத்தியால் பயனே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவோர் உண்டு. முதல் பத்தாண்டில் பச்சைக் காய்ப்புழுவுக்கான தெளிப்பு பெருமளவு குறைந்ததை மறைத்துவிட்டுத்தான் அப்படிச் சொல்ல முடியும். மறுபக்கம், 2020-இல் கிராந்தியும் மானிடவியலாளர் க்ளென் டேவிஸ் ஸ்டோனும் எழுதிய மதிப்பீடு, பிடிக்கு முந்தைய காலத்தைவிட இப்போது விவசாயி பூச்சிமருந்துக்கு அதிகம் செலவழிக்கிறார் என்று காட்டியது. இந்த இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. கிடைத்த பயன் உண்மை, அது தீர்ந்துபோனதும் உண்மை. நஞ்சுக்கு அடங்கும் புழுக்கள் ஊர்ப் பொதுச் சொத்து. அதைக் காக்க ஆள் வைக்காத நாடு அதைச் செலவழித்துத் தீர்த்தது.

அதன்பின் செய்தவை ஏறக்குறைய பழைய பாடங்களே. டிசம்பர், ஜனவரிக்குள் பயிரை முடியுங்கள், மாரை அழியுங்கள், ஆலை முற்றத்தில் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள் என்று மாநிலங்கள் அறிவுறுத்தின. தனிப் பைக்குப் பதில் பிடி விதையோடு சாதாரண விதையைக் கலந்தே விற்கும் முறையும் வந்தது. ஒரு காயில் புகுந்தால் அங்கேயே தங்கிவிடும் இளஞ்சிவப்புப் புழுவுக்கு இந்த முறை பொருத்தமானது. சீனத்து அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. இரண்டு நஞ்சுகளும் வலுவாக இருந்த நாளில் இது வந்திருக்க வேண்டும். இப்போது எஞ்சியிருக்கும் வழி காலண்டர்தான்: ஐந்து மாதத்தில் காய்த்து முடியும் குறுகிய வயதுப் பருத்தி, நெருக்கமாக விதைத்து, புழு பெருகும் முன் பறித்து, எல்லாரும் ஒன்றாகப் பிடுங்குவது. நெருக்கி விதைக்க ஏக்கருக்கு விதை அதிகம் வேண்டும். கலப்பின விதையின் விலையில் அது கட்டுப்படியாகாது. விவசாயி தானே எடுத்துவைத்து விதைக்கக்கூடிய ரகம்தான் வேண்டும். அப்படிப்பட்ட ரகத்தை விற்பதில் விதை நிறுவனத்துக்கு ஆர்வம் இருக்கக் காரணம் இல்லை. ஆண்டுதோறும் கடைக்கு வரவைக்கும் கலப்பினம்தான் அதன் காப்புரிமை. உலகின் மற்றப் பெரிய பருத்தி நாடுகள் பெரும்பாலும் ரகங்களில் நிற்க, இந்தியா மட்டும் ஏன் இவ்வளவு முழுமையாகக் கலப்பினத்துக்குள் போனது என்பது மரபணு விதைக்கு முப்பது ஆண்டு முந்தைய கதை. அது 1970-இல் சூரத்தில், சி.டி. பட்டேலின் ஹெச்-4 கலப்பினத்தோடு தொடங்குகிறது. அடுத்த பகுதியில் அங்கே போவோம்.